'சுத்தம் செய்யப்படாதது' என்று விற்ற தங்க நாணயம்: 30 நாள் கடந்தபின் என்ன வழி?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். இங்குள்ள நாணய வியாபாரி ஒருவரின் இணையக் கடையில் 1937ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ப்ரூஃப் சாவரினை (சேகரிப்போருக்காகத் தனி மெருகோடு அச்சிட்ட பிரிட்டிஷ் தங்க நாணயம்) 4,600 பவுண்டுக்கு கிரெடிட் கார்டில் வாங்கினேன். 'ஒருபோதும் சுத்தம் செய்யப்படாதது' என்று போட்டிருந்தார். தரச்சான்றுக்கு அனுப்பியதில், ஏழு வாரம் கழித்து 'சுத்தம் செய்யப்பட்டது' (அதாவது துடைத்ததில் பரப்பு கீறுபட்டது) என்ற குறிப்போடு ஸ்லாப்பில், அதாவது சான்று எண் போட்டு மூடிய பிளாஸ்டிக் உறையில், வந்தது. "30 நாள் முடிந்தது, தரம் அவரவர் கருத்து" என்கிறார் வியாபாரி. பணம் திரும்புமா?

பதில்: திரும்ப வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. 30 நாளோடு போனது, உடனே திருப்பிக் கொடுத்து முழுப்பணம் வாங்கும் உரிமை மட்டும்தான். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 23, 24ஆம் பிரிவுகள் இன்னும் உங்கள் பக்கம். முதலில் மாற்று நாணயம் கேட்டு எழுதுங்கள், நியாயமான அவகாசம் கொடுங்கள். பழுது நீக்கச் சொல்லிப் பயனில்லை. துடைத்த கீறலை எடுக்கப் போனால் பரப்பு இன்னும் கெடும். இந்த நாணயம் அடங்கிய 1937 தங்க ப்ரூஃப் செட் 5,501தான் என்றாலும் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. மாற்றாக வருவதன் விளிம்பில் வரிவரியான கோடுகள் இருந்தால் வாங்காதீர்கள், அந்த ப்ரூஃபின் விளிம்பு வழுவழுப்பானது. மாற்றம் நடக்காவிட்டால் விலைக் குறைப்பு, அல்லது நாணயத்தைத் திருப்பி முழுப்பணம். ஆறு மாதத்துக்குள் என்றால் 'பயன்படுத்தியதற்கு' என்று கழிக்கவும் முடியாது.

அந்த ஆறு மாதத்தில் வெளிப்படும் குறை, ஒப்படைத்த அன்றே இருந்ததாகச் சட்டம் கொள்ளும். நீங்களே துடைத்தீர்கள் என்று வியாபாரி சொன்னால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். இருந்தாலும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தரச்சான்றுக்கு அனுப்பிய ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கி, மன்னரின் முகத்துக்கு முன்னுள்ள வெற்றுப் பரப்பைப் பாருங்கள். ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் அதிலேயே தெரிந்தால் அவர் வாதம் அங்கேயே விழுந்துவிடும். ஸ்லாப்பை மட்டும் உடைக்காதீர்கள்; சான்று எண்ணுக்கும் நாணயத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும்.

தர மதிப்பெண் 64ஆ 65ஆ என்பது கருத்து, அதில் வாதாட வேண்டாம். சுத்தம் செய்யவில்லை என்பதோ விற்ற பொருளின் விவரம். பொருள் அதற்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு.

கூடவே கார்டு வங்கிக்கும் எழுதுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு வங்கியும் பொறுப்பு. இடையில் வேறொரு பணப் பரிமாற்றச் சேவை வழியாகக் கட்டியிருந்தால் இந்த வழி அடைபடலாம். தரச்சான்றுக் கட்டணத்தையும் தபால் செலவையும் சேர்த்தே கேளுங்கள். இருவரும் கைவிரித்தால் சிறுகோரிக்கை நீதிமன்றம். அங்கே வரம்பு 10,000 பவுண்டு, காலக்கெடு 6 ஆண்டு.