கூகுளில் முதலிடம்: மாதம் 8,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்

கேள்வி: கோவை கணபதியில் வெட் கிரைண்டர் தயாரித்து விற்கிறோம், பழுதும் பார்க்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையதளம் தொடங்கினோம். என் கைப்பேசியில் தேடினால் எங்கள் கடை மேலேயே வருகிறது. சென்னையில் இருக்கும் மைத்துனர் தேடினால் கண்ணிலேயே படவில்லை. மூன்று மாதத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், மாதம் 8,000 ரூபாய் ஆகும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. கொடுக்கலாமா? தளத்தைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காக வேலை செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதும் கூகுள் சொன்ன கணக்குதான். பிறகு எப்படி மூன்று மாதத்தில் முதலிடம்? அந்த நிறுவனத்தார் உங்கள் கடைப் பெயரைத் தட்டிக் காட்டுவார்கள், நீங்கள்தான் முதலில் வருவீர்கள். அந்தப் பெயருக்கு வேறு யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்! இந்தத் தொழிலில் இது பழைய வித்தை.

உங்கள் கைப்பேசியில் மேலே வருவதையும் சாதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கணபதியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது கூகுளுக்குத் தெரியும். அக்கம்பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது தேடலுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து கடை இருக்கும் தூரம், கடை எவ்வளவு பேரால் அறியப்பட்டது என்ற மூன்றையும் அது பார்க்கிறது. மைத்துனருக்கும் உங்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது.

ஆகவே, மைத்துனருக்குத் தெரிய வேண்டுமா என்பதையே முதலில் முடிவு செய்யுங்கள். உங்களுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வீட்டு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்க வருகிறவர் பக்கத்து ஊர்க்காரர். அவரைப் பிடித்துத் தருவது கூகுள் வரைபடம். ஹோட்டலுக்கு டில்டிங் கிரைண்டர் (சாய்த்து மாவைக் கொட்டும் பெரிய கிரைண்டர்) வாங்குகிறவர் நாகர்கோவிலிலும் இருக்கலாம், கிருஷ்ணகிரியிலும் இருக்கலாம்; அவருக்குத்தான் இணையதளம். உங்களிடம் பணம் கேட்கும் நிறுவனம் இந்த இரண்டையும் பிரித்துப் பேசியதா?

தளத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுள் தளத்தைப் பார்த்திருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் கோளாறு அடிப்படையிலேயே இருக்கலாம். வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் கட்டிய தளம் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சிறு கட்டம் அங்கே இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, முடிந்த பின் எடுக்க மறந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. அந்த டிக் இருக்கும்வரை என்ன செலவு செய்தாலும் வீண்.

அடுத்து சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசச் சேவையில் தளத்தைப் பதிவு செய்யுங்கள். மக்கள் என்ன சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதையெல்லாம் 16 மாதம் வரை அது காட்டும். இதில் எட்டாவது, பன்னிரண்டாவது என்று நிற்கும் சொற்களைத் தேடிப் பிடியுங்கள். தொண்ணூறாவது இடத்தில் கிடப்பதைத் தூக்குவதைவிட இவற்றை மேலே கொண்டுவருவது எளிது.

வரைபடப் பதிவை நீங்களே செய்துவிடலாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர், அதற்கும் கட்டணம் இல்லை. கடைப் பெயரோடு ‘கோவையின் சிறந்த கிரைண்டர் விற்பனையாளர்’ என்று ஒட்டு எதுவும் சேர்க்காதீர்கள். விதிமீறல் என்று பதிவையே முடக்கிவிடுவார்கள். பலகையில் என்ன பெயரோ அதுவே போதும். வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், வேலை நேரத்தையும் ஆயுத பூஜை விடுமுறை உட்பட உண்மையாகப் போடுங்கள். ஜஸ்ட்டயலிலும் இந்தியாமார்ட்டிலும் பழைய தொலைபேசி எண் கிடந்தால் மாற்றிவிடுங்கள். மதிப்புரைகளைக் காசு கொடுத்து வாங்குவதும், ‘ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி’ என்பதும் விதிக்குப் புறம்பு. பழுது சரியாகி, வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக வண்டியில் ஏற்றும் நேரத்தில் மதிப்புரைக்கான இணைப்பை அனுப்பி, இரண்டு வரி எழுதச் சொன்னால் மறுக்கமாட்டார்.

இனி தளம். ‘வெட் கிரைண்டர்’ என்ற வெறும் சொல்லுக்கு நீங்கள் அமேசானோடும் பெரிய பிராண்டுகளோடும் மோத வேண்டும். அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். உங்கள் கடைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, ஒரு வாரம் வருகிற கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதுங்கள். ‘பத்து லிட்டர் டில்டிங்கில் ஒரு தடவைக்கு எத்தனை கிலோ அரிசி போடலாம்?’ ‘வீட்டு கரண்ட்டில் ஓடுமா, மூன்று ஃபேஸ் வேண்டுமா?’ ‘மோட்டார் உறுமுகிறது, கல் சுற்றவில்லை, கண்டென்சரா, பெல்ட்டா?’ ‘கல் தேய்ந்துவிட்டது, கொத்தித் தருவீர்களா?’ ‘திண்டுக்கல்லுக்கு லாரியில் போட்டால் வாடகை யார் தருவது?’ இந்த ஒவ்வொரு கேள்வியையும் யாரோ ஒருவர் கூகுளிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பெரிய விற்பனைத் தளங்களில் பெரும்பாலும் இதற்குப் பதில் கிடைக்காது; உங்கள் பட்டறைக்காரருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

ஆகவே பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டருக்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். அதில் கொள்ளளவு, மோட்டார் திறன், அரைக்கும் நேரம், கல்லின் வகை, உதிரிபாகம் கிடைக்கும் விதம், விலை எல்லாம் எழுத்தாகவே இருக்க வேண்டும். நான் பார்க்கும் சிறு கடைத் தளங்களில் பாதிக்கு மேல் இதை நோட்டீஸ் மாதிரி வடிவமைத்து ஒரே படமாக ஒட்டியிருக்கின்றன. பக்கத்தில் படிப்பதற்கு எழுத்தே இல்லாவிட்டால் தேடுபொறி எதை வைத்து உங்களைக் காட்டும்? பக்கத்தின் தலைப்பும் அப்படித்தான். ‘ஹோம்’ அல்லது ‘வெல்கம்’ என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள். ‘ஹோட்டலுக்கான 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர்: விலை, உதிரிபாகம், கணபதி, கோவை’ என்று இருந்தால் தேடுகிறவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும்.

குறுக்கு வழி காட்டுவார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஈரோட்டுக்கு ஒரு பக்கம், திருப்பூருக்கு ஒரு பக்கம் என்று முப்பது நகல் போடலாம் என்பார்கள். கூகுள் அதை மோசடிப் பக்கங்களாகவே கருதுகிறது. மொத்தமாக உற்பத்தி செய்யும் பயனற்ற பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் விதிகளை இன்னும் இறுக்கியது. ‘மெட்டா கீவேர்டு’, அதாவது பக்கத்தின் பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் சொற்பட்டியல், நிரப்பித் தருகிறோம் என்று பில் போட்டால் சிரித்துவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது.

மொழி விஷயத்தில் இரண்டும் வேண்டும் என்பேன், ஆனால் தனித்தனி முகவரிகளில். ஒரே பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் மொழி மாறும்படி வைத்தால் இரண்டாவது மொழி கூகுள் கண்ணில் படாமலே போகலாம். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டாதீர்கள். ‘குழவி’ என்று நீங்கள் சொல்வதை அது என்னவாக்கும் என்று சொல்ல முடியாது. எழுத்துருவையும் பாருங்கள். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பழைய விலைப்பட்டியலை அப்படியே தளத்தில் ஏற்றினால், திரையில் தமிழாகத் தெரியலாம். ஆனால் ‘அம்மா’ என்ற சொல் கூகுளுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் கோவையாகத்தான் போய்ச் சேரும். யாரும் அப்படித் தேடுவதில்லை. எல்லாவற்றையும், தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். அதற்கான இலவச மாற்றிகள் இருக்கின்றன.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கைப்பேசியில் பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிந்தால் கூகுள் கணக்கில் நல்ல தளம்தான். கேமராவிலிருந்து எடுத்த படங்களைச் சுருக்காமல் ஏற்றியிருந்தால் அதைச் சரிசெய்வதே பாதி வேலை. பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகளை மூட்டையாக விலைக்கு வாங்காதீர்கள். 2012இல் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பென்குயின் என்ற மாற்றம் முதல் கூகுள் அதைத்தான் வேட்டையாடுகிறது. உங்களிடம் சரக்கு எடுக்கும் வெளியூர் ஹோட்டல் சாமான் கடைகளுக்குத் தளம் இருந்தால், அதில் உங்கள் பெயரையும் முகவரியையும் போடச் சொல்லுங்கள். நீங்கள் உறுப்பினராக உள்ள தொழில் சங்கத்தின் பட்டியல் இணையத்தில் இருந்தால் அதிலும் சேருங்கள்.

இவ்வளவையும் செய்ய நேரமில்லை, ஆள் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள். முதலிடத்துக்குப் பேரம் பேசாமல் வேலைக்குப் பேசுங்கள்: மாதம் எத்தனை பக்கம் எழுதுவார்கள், எதைத் திருத்துவார்கள், சர்ச் கன்சோலில் எந்த எண்ணைக் காட்டுவார்கள். தளப் பெயர் (டொமைன்), ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), சர்ச் கன்சோல், வரைபடப் பதிவு நான்கும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். இப்போதுள்ள தளப் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதை, தளம் அமைத்துக் கொடுத்தவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.