வலி இறங்குகிறதா, ஏறுகிறதா? டிஸ்க் தொந்தரவும் உடற்பயிற்சியும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இடுப்பைப் பற்றித்தான். வேலூரில் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

எனக்கு வயது 38. எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோட்டைப் பக்கம் தினமும் 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் நான். இனி ஓடவே கூடாதா? (காட்பாடி)

ஓடலாம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க்; அது கொஞ்சம் வெளியே பிதுங்கியிருந்தால் பல்ஜ். எல்4-எல்5 என்பது கீழ் இடுப்பில் அது இருக்கும் இடம். முதலில் அந்த ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

ஓடலாமா கூடாதா என்பதை உங்கள் கால் சொல்லும். வலி புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கினால் நரம்பு சீண்டப்படுகிறது, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பாதம் வரை இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்லது. இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் நல்லதுதான். ஆனால் அப்போதுதான் பலர் பயந்துபோய் என்னிடம் ஓடி வருகிறார்கள்.

அரை மணி நேரம் வேகமாக நடந்து பாருங்கள். அன்றைக்கும் மறுநாள் காலையும் கால் வலி கூடவில்லை என்றால், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று 8 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இரண்டு வாரம் தொந்தரவில்லாமல் போனால் ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டலாம். காலடிச் சத்தம் தொம் தொம் என்று உங்கள் காதிலேயே விழுந்தால் அடியை நீளமாக எடுத்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம். அடியைக் குறுக்குங்கள்.

இன்னொன்று. நம்ம ஊர் வெயிலுக்கு 5 மணிக்கே கிளம்பினால்தான் உண்டு. ஆனால் ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட உயரமாக எழுந்திருக்கிறோம். அந்த நேரத்தில் குனிவதுதான் டிஸ்க்குக்கு ஆகாது. மைதானத்துக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வதோ, குனிந்து கால் விரலைத் தொடுவது! அதை விட்டுவிட்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்த பிறகு ஓடுங்கள்.

வயது 45. பீடி சுற்றுகிறேன். இடது கால் இழுக்கிறது. எக்சர்சைஸ் செய்யச் சொல்கிறார்கள், எனக்கு ஏது நேரம்? (குடியாத்தம்)

அம்மா, உங்களுக்கு நேரம் கேட்காத வழியைத்தான் சொல்லப்போகிறேன். மடியில் முறம், குனிந்த கழுத்து, வளைந்த இடுப்பு என்று நாள் முழுக்க உட்காருகிறீர்கள். நிற்பதைவிட இப்படி உட்காரும்போதுதான் டிஸ்க்கில் அழுத்தம் அதிகம். நாலு விரல் உயர மணையோ மடித்த போர்வையோ போட்டு உட்காருங்கள். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கட்டும். முதுகு சுவரில் சாயட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்து ஐந்து முறை பின்னால் சாயுங்கள். மதியம் சாப்பாட்டுக்கு முன் பாயில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி இரண்டு நிமிடம். கால் வலி குறைந்தால் அதுதான் உங்கள் மருந்து. கூடினால் விட்டுவிட்டு நேரில் காட்டுங்கள்.

அப்புறம், எழுந்த உடனே வாசல் தெளித்துக் கோலம் போடாதீர்கள். அடுப்பு வேலையை முதலில் பார்த்துவிட்டு அரை மணி கழித்துப் போடுங்கள். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு போடுங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லலாம்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். ஓடினால் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகிறது. (அணைக்கட்டு)

தம்பி, இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் மட்டும் பத்து அடி நடங்கள். அப்புறம் விரல் நுனியில் பத்து அடி. எந்தக் காலாவது தொய்ந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே எலும்பு டாக்டரைப் பாருங்கள். பலம் சரியாக இருந்தாலும் ஒருமுறை காட்டிவிட்டு, மரத்துப்போகத் தொடங்கும் தூரத்துக்கு முன்னாலேயே ஓட்டத்தை நிறுத்திப் பழகுங்கள். நீளம் தாண்டுதலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இறங்கும்போது விழும் அடி ஓட்டத்தைவிடக் கடுமை. சிட்-அப்ஸ் வேண்டாம். அதற்குப் பதில் பிளாங்க்: முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்திருப்பது.

62 வயதில் திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா? (ஆரணி)

14 கிலோமீட்டர். வீட்டுப் பக்கம் 6 கிலோமீட்டர் நிம்மதியாக நடக்க முடிந்தால் போகலாம். வழியில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. கொஞ்ச தூரத்திலேயே இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தால் உடனே சரியாகிறது என்றால் அது நரம்புப் பாதை குறுகியதாக இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். பாதம் மரத்திருந்தால் வெறுங்கால் வேண்டாம்.

பெல்ட் போட்டுக்கொண்டு ஓடலாமா? கால் பக்கமாகப் பிறந்தவர் முதுகை மிதித்தால் டிஸ்க் உள்ளே போகுமா? (இரண்டும் ஒரே வாசகர், ராணிப்பேட்டை)

பெல்ட் வலி கடுமையாக இருக்கும் சில நாளுக்கு மட்டும். மிதிப்பது தசைப் பிடிப்புக்கு எங்கள் பாட்டி செய்த வைத்தியம். டிஸ்க் மீது யாரையும் ஏற விடாதீர்கள்.

வண்டி சீட்டில் படும் இடமெல்லாம் மரத்திருக்கிறது. இரண்டு நாளாகச் சிறுநீர் வர நேரமாகிறது. என்ன பயிற்சி செய்யலாம்?

எதுவும் செய்யக்கூடாது. தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றையே நசுங்குவதற்கான அறிகுறி இது. தாமதித்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். கடிதத்தைப் பிரித்த உடனேயே இவரைப் போனில் பிடித்து அவசரப் பிரிவுக்கு அனுப்பியாயிற்று. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.