பழைய கேசினோ சிப்ஸ் மொத்தமாகக் கிடைத்தால் சுத்தம் செய்து விற்க முடியுமா?

பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி நிறைய கேசினோ போக்கர் சிப்ஸ் (சூதாட்ட விடுதியில் காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வட்ட வில்லைகள்) வாங்கிவிட்டேன், எப்படிப் பிரிப்பது, எப்படித் துடைப்பது, விற்றால் காசு தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் இதே வேலையில் மாட்டிக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன். தேறும். ஆனால் காசு பிரிப்பதில் இருக்கிறது. பளபளப்பாக்கினால் விலை ஏறும் என்று நினைத்துத்தான் நான் கெட்டேன்.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம். மச்சான் ஒருவர் விசைப்படகுகளுக்குப் பழைய கயிறு, லைஃப் ஜாக்கெட் வாங்க குஜராத்தில் கப்பல் உடைக்கும் ஆலங் வரைக்கும் போய்வருவார். பயணிகள் கப்பல் உடைபட்டால் கட்டில், கோப்பையிலிருந்து சூதாட்ட மேசை வரை அங்கே ரோட்டோரக் கடைகளுக்கு வந்துவிடும். அப்படி வந்த ஒரு மூட்டையை 7,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். எண்ணிப் பார்த்ததில் 1,400 சொச்சம். சிப்ஸ் வந்திருக்கிறது என்று போனில் சொன்னதை நம்பி பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தது தனிக் கதை.

வந்த அன்றைக்கே ஒரு கை அள்ளி சோப்புத்தூள் கரைத்த வாளியில் ஊறப் போட்டேன். காலையில் மொட்டை மாடியில், கருவாடு காயப்போடும் தார்ப்பாயிலேயே பரப்பினேன். சித்திரை வெயில். சாயங்காலம் பார்த்தால் அறுபது சிப் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. சிலவற்றில் பொன் எழுத்தே இல்லை. களிமண் சிப் என்று பெயர்தானே தவிர அது சுட்ட மண் கிடையாது. மண்பொடியோடு பிசின் மாதிரிப் பொருட்கள் சேர்த்து, சூட்டில் அழுத்தி எடுப்பது. வெயில் பட்டால் இளகத்தான் செய்யும்.

மாமனார் கீழக்கரையில் சங்கு தரம்பிரிக்கும் வேலை பார்த்தவர். அன்று வந்திருந்தவர் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, "கழுவிட்டாமாப்ள தரம் பிரிப்பாக? பிரிச்சிட்டுல்ல கழுவணும்" என்றார். ஒரு சிப்பை எடுத்து ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டார். 'டிங்' என்றது. ஓரமாகத் தள்ளினார். அடுத்தது 'டொக்' என்று மந்தமாக விழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் இருநூறு சிப் இரண்டு குவியலாகிவிட்டது. அப்புறம் நகைத் தராசில் போட்டுப் பார்த்தேன்; ஏழெட்டுதான் தப்பு.

'டிங்' என்றால் இரும்பு வைத்த பிளாஸ்டிக், 'டொக்' என்றால் களிமண் என்று அவர் காதால் பிரித்ததை நீங்கள் தராசும் காந்தமும் வைத்துச் செய்யலாம். 11.5 கிராம் காட்டி, காந்தத்திலும் ஒட்டினால் உள்ளே இரும்பு வைத்த பிளாஸ்டிக். வீட்டு செட்டுகளில் வருவது, விலை கிடையாது. களிமண் சிப் பெரும்பாலும் எட்டரையிலிருந்து பத்து கிராமுக்குள் இருக்கும், நடுவில் இரும்பு இருக்காது. அதன் விளிம்பைச் சுற்றித் தொப்பியும் கைத்தடியும் அச்சாகியிருந்தால் அது அமெரிக்கக் கேசினோக்களுக்குச் செய்துகொடுத்த பால்சன் என்ற நிறுவனத்தின் வார்ப்பு. சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். சிப்பின் பக்கவாட்டு வரை படம் அச்சாகி வழவழவென்று இருந்தால் செராமிக்.

எண்ணே இல்லாத சிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது, சக்கரம் சுழற்றி ஆடும் ரூலெட் மேசைச் சிப். ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்து, அதன் மதிப்பை அந்த மேசையிலேயே முடிவு செய்வார்கள், அதனால்தான் எண் இருக்காது. போர்டு கேம் ஆடுகிறவர்களுக்கு இதுதான் வசதி, தங்கள் இஷ்டத்துக்கு மதிப்பு வைத்துக்கொள்ளலாம். என்னிடம் முதலில் தீர்ந்ததும் இதுதான்.

அடுத்தது கண்ணாடிச் சோதனை. ஒவ்வொரு சிப்பையும் கண்ணாடி மேல் படுக்கவைத்து ஓரத்தை விரலால் சுண்டுங்கள். தட்டையாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். நெளிந்திருந்தால் பம்பரம் மாதிரிச் சுற்றும். சுற்றினால் விலை பாதி. விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, கூழாங்கல் மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். தேய்ந்த விளிம்பை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கழுவுவது இதற்கெல்லாம் அப்புறம். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் ஜெல், குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ். ஒவ்வொன்றாகத்தான், ஊறவே கூடாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகாதீர்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் உப்புப் பூத்து, வெள்ளைத் திட்டு நிற்கும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். உடனே பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் தட்டையாகக் காயவிட வேண்டும். களிமண் சிப்பின் நிறம் வெளிறியிருந்தால் மெடிக்கல் கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுத் தடவி, ஒரு இரவு விட்டுத் துடைத்தால் சிவப்பு சிவப்பாகத் தெரியும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினேன், இரண்டே வாரத்தில் காறல் வாடை. பழைய களிமண் சிப் சிலவற்றில் ஈயம் உண்டு, அதனால் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்.

100 டாலர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸ் பெலாஜியோ கேசினோவில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்பை அள்ளிக்கொண்டு போனான். கேசினோ என்ன செய்தது? தன் 25,000 டாலர் சிப்பையே செல்லாது என்று அறிவித்துவிட்டது. காசாக்கும் உரிமை கேசினோ கையில்தான். உடைந்த கப்பலின் சிப்பை யார் மாற்றித் தருவார்கள்? ஓட்டை போட்டோ வெட்டியோ ரத்து செய்த சிப் இருந்தால் அதையும் மறைக்காமல் போட்டோவில் காட்டுங்கள், அதற்கும் ஆள் இருக்கிறது.

விற்கும்போது இருபது இருபதாகக் கட்டுங்கள். 39 மில்லிமீட்டர் அகல சிப் இருபது அடுக்கினால் ஆறரை சென்டிமீட்டர் உயரம் வரும், பிஸ்கட் மாதிரிக் காகிதத்தில் சுருட்டிவிடலாம். சுருட்டாமல் அனுப்பிய முதல் பார்சல் அட்டைப்பெட்டியின் அடியைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ஐந்நூறு சிப் என்றால் கிட்டத்தட்ட 5 கிலோ. சென்னை, பெங்களூரு ஆட்கள்தான் அதிகம் வாங்கினார்கள். காசு வைத்து ஆடத்தான் என்று வெளிப்படையாகக் கேட்ட இரண்டு பேருக்கு நான் கொடுக்கவில்லை.

இதுவரை 18,500 ரூபாய் வந்திருக்கிறது. மூட்டைக்குக் கொடுத்த காசு, தராசு, தபால் செலவு போக ஏழாயிரம் எட்டாயிரம் மிச்சம். மூன்று மாத ராத்திரி வேலைக்கு இது கூலியே இல்லை என்கிறாள் என் மனைவி. நெளிந்த அறுபதும் பிள்ளைகளிடம் இருக்கிறது, வாசலில் பாண்டி ஆட சில்லாக எறிகிறார்கள்.