தங்கள் மகள் கேட்கும் அந்த ஒரு வருடம்

மதிப்பிற்குரிய அம்மா,

வெள்ளவத்தையிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கலை வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படித்து முடித்த தங்கள் மகள், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கெட்டி ஆய்வு நிறுவனத்தில் ஒரு வருடம் ஆய்வாளராக இருக்க விரும்புகிறார் என்றும், பரீட்சையும் பட்டமும் இல்லாத அந்த வருடத்தில் பிள்ளை என்னதான் செய்யும் என்பது தங்களுக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அங்கு ஆய்வு வருடம் செப்டெம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. நிறுவனம் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பொதுக் கருப்பொருளை அறிவிக்க, அதனோடு தொடர்புடைய ஆய்வுகளைக் கையில் வைத்திருப்பவர்கள் பல நாடுகளிலிருந்தும் விண்ணப்பிக்கிறார்கள். தெரிவாகிறவர்களுக்கு உதவித்தொகையும் பணியறையும் கிடைக்கின்றன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஏறத்தாழ 20 இலட்சம் நிழற்படங்களும் உள்ள நூலகத்தில் பகல் முழுவதும் இருந்து எழுதலாம். குறித்த நாட்களில் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமர, ஒருவர் தமது முடிவுறாத அத்தியாயத்தை முன்வைப்பார். மற்றவர்கள் அதனைத் துருவிக் கேட்பார்கள். நமது கோயில்களில் புராண படனத்தின்போது ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பயன் சொல்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. அந்தக் கேள்விகளுக்காகவே இவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

இத்தகைய இடங்கள் வேறும் உள்ளன. புளோரன்ஸ் நகரில் 1897 இல் தொடங்கிய ஜேர்மன் கலை வரலாற்று நிறுவனம் ஒன்று. லண்டனிலுள்ள வார்புர்க் நிறுவனம் மற்றொன்று. அதன் நூல்கள் நாஜிகளுக்குத் தப்பி 1933 இல் ஹம்பேர்க்கிலிருந்து கப்பலேறி வந்தவை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறவாத நமக்கு, அந்த நூல்களைப் பெட்டியில் அடுக்கியவர்களின் பதற்றத்தை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி, விண்ணப்பத்தைப் பற்றி. பல வருடங்களுக்கு முன்னர் என்னிடம் வந்த ஒரு மாணவரை, 'தென்னிந்தியச் சிற்பக்கலை' என்ற அகலமான தலைப்போடு இத்தகைய ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்படி நானே ஊக்கப்படுத்தினேன். அவர் நிராகரிக்கப்பட்டார், தவறு என்னுடையது. ஒரு வருடத்தில் விடை தேடக்கூடிய கேள்வி ஒன்று கையில் இல்லாதவருக்கு, எத்தனை இலட்சம் நூல்கள் இருந்தும் பயனில்லை.

அந்தக் கேள்வியைத் தேடக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1877 இல் திறக்கப்பட்ட நமது தேசிய நூதனசாலை கறுவாத்தோட்டத்தில் இருக்கிறது. அங்கே, பொலன்னறுவையில் கிடைத்த சுந்தரமூர்த்தி நாயனாரின் வெண்கலத் திருவுருவத்தின் முன் பிள்ளை சற்று நேரம் நிற்கட்டும். மணக்கோலத்து இளைஞரைச் சிவபெருமான் தடுத்தாட்கொண்ட கணத்தை அந்த முகத்தில் பார்க்கலாம். ஆனந்த குமாரசுவாமி 1914 இல் வெளியிட்ட நூலில் இந்த வெண்கலங்களை ஆராய்ந்தார். சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவற்றைப் பற்றி எழுதினார். இவை சோழநாட்டில் வார்க்கப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டவையா, அல்லது இத்தீவின் பட்டறைகளிலேயே உருவானவையா என்ற விவாதம் பழையது. மெழுகை உருக்கி வார்க்கும் முறையில் அச்சை உடைத்தே உருவத்தை வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், ஒன்றைப் போல மற்றொன்று முற்றாக அமைவதில்லை. எனவே அணிகலனின் முடிச்சு, பூணூல் விழும் விதம், பீடத்தின் விளிம்பு, உலோகக் கலவை ஆகிய சிறு அடையாளங்களைக் கொண்டே ஒரு பட்டறையின் கையை இனங்காண வேண்டியிருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் நிழற்படங்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் உள்ளன. ஓர் அணிகலனின் முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றோடு ஒப்பிடுவதே ஒரு வருட வேலை. தேவாரத்தை மூலத்தில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே இயல்பாகவே ஒரு முற்பலம் இருக்கிறது. தமிழில் வளர்ந்ததைக் குறையாக நினைக்க விடாதீர்கள்.

ஆயினும் பட்டம் பெற்ற கையோடு கெட்டி நிறுவனத்துக்கு ஆய்வாளராகப் போக முடியாது. பெரும்பாலும் கலாநிதிப் பட்ட ஆய்வை எழுதிக்கொண்டிருப்பவர்களையும் அதனை முடித்தவர்களையுமே எடுக்கிறார்கள். ஆகவே முதலில் முதுமாணி. பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும் டெல்லியின் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் கலை வரலாற்றுக்கு நல்ல துறைகள் உள்ளன. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வருடந்தோறும் அறிவிக்கும் புலமைப்பரிசில்களைக் கவனித்துக்கொண்டிருங்கள். பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசில் இன்னொரு வழி. இதற்கிடையில் கிரந்த எழுத்தையும், முடிந்தால் பிரெஞ்சு அல்லது ஜேர்மன் மொழியையும் வாசிக்கப் பழகட்டும். கெட்டி நிறுவனத்தின் ஆய்வு இணையவாசல் மூலம் பழைய கலை வரலாற்று நூல்களைப் பணமின்றி வீட்டிலிருந்தே வாசிக்கலாம்.

வேலையைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன்: இத்துறையில் இடங்கள் குறைவு. பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி, நூதனசாலை, தொல்பொருளியல் திணைக்களம், ஆவணங்களை இலத்திரனியல் வடிவில் பாதுகாக்கும் பணி ஆகியவையே பெரும்பாலும் உள்ளன. வீட்டுக்கு உடனே ஒரு வருமானம் வேண்டும் என்றால், சித்திரப் பாட ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்து, அதனோடு முதுமாணியைத் தொடரலாம்; சில வருடங்கள் பிந்துவதால் கேள்வி கெட்டுப்போவதில்லை. அந்த நிலைமை இல்லையென்றால், பிள்ளையின் படிப்பைப் பணத்துக்காக நிறுத்த வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை தாங்களும் கூடவே நூதனசாலைக்குப் போங்கள். சுந்தரரின் முன் நின்று, தாம் அறிய விரும்புவது என்னவென்று பிள்ளை தங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். தங்களுக்கு விளங்காத இடங்களில் மறித்துக் கேளுங்கள். அதன்பின் அவர் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு என்னிடம் வரட்டும். விண்ணப்ப வேலையை அதிலிருந்து தொடங்குவோம்.