கூரை ஒழுகலை அடைத்த பிறகும் சுவரும் மச்சும் (உட்கூரையும்) ஈரமாகவே இருக்கின்றன. இப்போதே பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீடு, ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டு (முன்பகுதியை அடுத்த உள்பகுதி) ஒழுகியது, ஓடு மாற்றியாகிவிட்டது, பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொங்கலுக்குள் அந்தச் சுவர் காயாது. ஓதம், அதாவது ஈரக்கறை, தெரிந்தால் தெரியட்டும், வருகிற சொந்தக்காரர்கள் வீட்டிலும் அப்படி ஒரு சுவர் இருக்கத்தான் செய்யும்.

நான் கானாடுகாத்தான் பக்கம். நம் பழைய வீடுகளில் சுவர் கனமான செங்கல், கட்டுமானம் பூச்சு எல்லாமே சுண்ணாம்பு. மேலிருந்து இறங்கிய தண்ணீர் சுவரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். அது வெளியேற இருக்கிற வழி சுவரின் மேற்பரப்புதான். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு, பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் மாவு), எமல்ஷன் பெயிண்ட், 'டேம்ப் புரூஃப்' என்று விற்கிற பூச்சு எல்லாம் அந்த வழியை அடைக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெயிண்டர் ஒருவர் ஈரச் சுவரிலேயே பட்டி பார்த்து அடித்துக் கொடுத்தார். அடுத்த கோடையில் அது பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பெயர்ந்தபோது தாத்தா காலத்து முட்டை வெள்ளைக்கரு போட்ட பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அந்த மாதிரி மெருகு போட இன்றைக்கு ஆள் கிடைப்பதே அபூர்வம்.

அதற்கு முன் ஒன்று. ஒழுகல் நிஜமாகவே நின்றுவிட்டதா? ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை விட இரண்டு சரிவு சேரும் இடத்துத் தகரம்தான் அதிகம் காலை வாரும். அதில் இலை அடைத்தாலோ துரு பிடித்தாலோ போதும். மெட்ராஸ் டெரஸ் தளமாக (மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த மொட்டைமாடி) இருந்தால் கைப்பிடிச்சுவர் ஓரத்தையும் தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயையும் பாருங்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்துவிட்டுக் காரை வைத்து அடைக்க வேண்டும். தண்ணீர் உத்திரத்தின் மேலேயே ஓடிப் போய் வேறொரு மூலையில் சொட்டும் என்பதால் கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் தேடினால் கிடைக்காது. மழை இல்லாத நாளில் ஹோஸ் வைத்துக் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேல் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துப் பாருங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். கான்கிரீட்டுக்குச் செய்வது போலத் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டாம், பழைய தளத்துக்கு அந்தப் பாரம் ஆகாது. (கூரை எந்தப் பங்காளியின் பாகம், செலவு யாருடையது என்ற விவகாரத்துக்கு என்னிடம் பதில் இல்லை.)

நனைந்த பக்கத்து வயரிங்கை மெயினிலேயே அணைத்து வையுங்கள். ஈர மச்சில் தொங்கும் ஃபேனை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை போடவே கூடாது.

இனி காய வைப்பது. பீரோவைச் சுவரை விட்டு ஒரு முழம் நகர்த்துங்கள், படங்களைக் கழற்றுங்கள். வெயில் ஏறிய பிறகு ஜன்னல்களைத் திறந்து, மழை நேரத்தில் மூடுங்கள். நனையாத பக்கத்துப் பிளக்கிலிருந்து ஸ்டாண்டு ஃபேன் ஓடட்டும். ஹீட்டர், நெருப்புச் சட்டி எல்லாம் வேண்டாம், அவசரமாகக் காய்ந்தால் காரை வெடிக்கும்.

வெள்ளையாக உப்பு பூத்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும். கறுப்புப் பூஞ்சைக்கு முகமூடி போட்டுக்கொண்டு, கொஞ்சமாகச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைக்கலாம். வினிகர் தடவு என்று யூடியூபில் சொல்வார்கள். அது அமிலம், சுண்ணாம்பை அரிக்கும், கீழே சொட்டினால் ஆத்தங்குடித் தரையின் (கையால் செய்த சிமெண்டுக் கல்) மினுக்கும் போய்விடும்.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவர் பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். என் கணக்கில் மாசிக்கு முன் கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். தட்டிப் பார்த்து டொக்கு விழும் (உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் வரும்) காரையை மட்டும் எடுத்துவிட்டு, ஊறப்போட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு போட்டு மெல்லிய பூச்சாகப் பூசச் சொல்லுங்கள். கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பது பழைய கொத்தனார்கள் வழக்கம். கொத்தனார் சிமெண்டு கலக்கிறேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் போதும், அதன் காரத்தில் பூஞ்சை லேசில் வராது. கொல்லைப்பக்கம் புதிதாகக் கட்டிய கான்கிரீட் அறை என்றால் கதை வேறு, அங்கே மச்சில் துருக்கறையோ கம்பியோ தெரிந்தால் இன்ஜினியரைக் காட்டுங்கள்.

வயரிங் போலவே காத்திருக்கக் கூடாத இன்னொரு வேலை மரம். பர்மா தேக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரம் தங்கும், அங்கேதான் மரம் உளுக்கும், கரையானும் அந்த ஈரத்தைத் தேடித்தான் வரும். ஸ்க்ரூ டிரைவரால் அந்த முனையைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அன்றைக்கே கீழே முட்டுக் கொடுத்துவிட்டுப் பழைய வீட்டு வேலை தெரிந்த ஆசாரியை வரச் சொல்லுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.