வாசகர் கேள்வி – பதில்: சாதனைக் கொம்பும் சாதாரணத் தோட்டாவும்

கேள்வி: என் மகன் கனடாவில் சஸ்கட்டூன் நகரில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பிகர் என்ற ஊருக்கு அருகில்தான் உலகிலேயே பெரிய வெண்வால் மான் சுடப்பட்டது என்கிறான். அவ்வளவு பெரிய மானை வீழ்த்த எவ்வளவு பெரிய துப்பாக்கி தேவைப்பட்டிருக்கும்? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: உங்கள் மகன் சொன்னது உண்மைதான், 'பெரிய மான்' என்பதை மட்டும் 'பெரிய கொம்பு' என்று திருத்திக்கொள்ளுங்கள். தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் 1887-இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கிளப்தான் வட அமெரிக்க மான்களின் சாதனைப் பதிவேட்டை வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் மானின் எடைக்கு இடமே இல்லை. கொம்பின் அளவு ஒன்றுதான் கணக்கு. 1993 நவம்பர் 23 அன்று மைலோ ஹேன்சன் என்ற விவசாயி, அண்டை நிலத்துக்காரர்களோடு சேர்ந்து வேட்டைக்குப் போனபோது சுட்ட மானின் கொம்பு 213 5/8 புள்ளிகள் பெற்றது. இருபுறமும் சீராகக் கிளைத்த கொம்புகளுக்கான பிரிவில் இன்றுவரை அதுவே முதலிடத்தில் இருக்கிறது.

அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் மாடல் 88 என்ற நெம்புகோல் ரைஃபிள், தோட்டா.308 வின்செஸ்டர். 1952-இல் விற்பனைக்கு வந்த இந்தத் தோட்டாவை அங்கே எந்தத் துப்பாக்கிக் கடையிலும் வாங்கலாம். மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஏராளமானோர் இதையே கொண்டுபோகிறார்கள். ஆக, சாதனை மானுக்கென்று தனியாக ஒரு பெரிய துப்பாக்கி தேவைப்படவில்லை.

இதைவிடச் சுவையானது இதற்கு முந்தைய சாதனையின் கதை. 1914 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் டான்பரி அருகே ஜேம்ஸ் ஜோர்டான் என்ற இளைஞர் ஒரு மானைச் சுட்டார். அவர் பயன்படுத்திய .25-20 தோட்டாவை, முயல், நரி போன்ற சிறு விலங்குகளுக்கு உரியது என்றுதான் இன்றைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள்; மானுக்கு அதைப் பரிந்துரைக்க எவரும் முன்வர மாட்டார்கள். பாடம் செய்து தருவதாக வாங்கிக்கொண்டு போனவர் ஊர் மாறிப் போய்விட்டதால், அந்தக் கொம்பு அரை நூற்றாண்டுக் காலம் ஜோர்டானின் கண்ணிலேயே படவில்லை. பிறகு மின்னசோட்டாவில் பழைய சாமான்கள் விற்குமிடத்தில் அது மூன்று டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் ஜோர்டானுக்கே தூரத்து உறவினர். 1971-இல் 206 1/8 புள்ளிகளோடு உலகச் சாதனை என்று அறிவிக்கப்பட்டபோதும், சுட்டவர் யாரென்று தெரியவில்லை என்றே பதிவாயிற்று. பெயர் திருத்தப்பட்டது 1978 டிசம்பரில். ஜோர்டான் அந்த ஆண்டு அக்டோபரிலேயே காலமாகிவிட்டார்.

இரண்டு தோட்டாக்களையும் எண்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். .25-20 தோட்டாவின் குண்டு சுமார் ஐந்தரை கிராம் எடையுடன் விநாடிக்கு ஏறக்குறைய 445 மீட்டர் வேகத்தில் புறப்படும். அதன் ஆற்றல் 550 ஜூல் அளவில் இருக்கும். .308-இன் வழக்கமான 150 கிரெய்ன் குண்டு, அதாவது கிட்டத்தட்ட 9.7 கிராம், விநாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு 3,600 ஜூல் ஆற்றலைச் சுமந்து செல்லும். ஒன்றுக்கு மற்றொன்று ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் கொம்புகளுக்கு இடையிலான வேறுபாடு ஏழரைப் புள்ளிகள் மட்டுமே. ஜோர்டான் செய்ததை மற்றவரும் செய்யலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆற்றல் குறைந்த குண்டு காயப்படுத்திவிட்டு மானை ஓடவிடும் வாய்ப்பு அதிகம் என்பதாலேயே பல மாநிலங்கள் மான் வேட்டைக்கு உரிய துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரம்பு விதித்திருக்கின்றன. போதுமான ஆற்றல் கிடைத்த பிறகு முடிவு செய்பவை இரண்டே: முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் குண்டு படுகிறதா என்பதும், பட்ட பின் அதன் மென்முனை விரிகிறதா என்பதும். காலிபரை, அதாவது குழாயின் உள்விட்டத்தை, கூட்டிக்கொண்டே போகிறவர்கள் பெரும்பாலும் தோள் இடிக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுத்துக் குறியைத் தவறவிடுகிறார்கள் என்பது துப்பாக்கிப் பயிற்சி தருகிறவர்கள் எல்லாரும் அறிந்த செய்தி.

கேள்வி: ராணுவத்தில் .303 ரைஃபிளைக் கையாண்டவன் நான். .308 அதைவிடச் சற்றுப் பெரிய தோட்டா என்று எடுத்துக்கொள்ளலாமா? .25-20, .30-30 என்று இரண்டு எண்கள் வருவது ஏன்? (முன்னாள் படைவீரர், கடலூர் முதுநகர்)

பதில்: எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், உண்மையில்.303-இன் குண்டுதான் பருமன். துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் சுருள் சுருளாகச் செல்லும் வரிப்பள்ளங்களும் அவற்றுக்கு இடையே மேடுகளும் இருப்பதை, குழாயைத் துடைத்துத் துடைத்துப் பழகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேட்டுக்கு மேடு அளந்து .303 அங்குலம் என்று பெயர் வைத்தார்கள் பிரிட்டிஷார். அந்தக் குழாயில் செல்லும் குண்டு.311 அங்குலத்துக்குக் குறையாது. பள்ளத்துக்குப் பள்ளம் அளந்து .308 என்று பெயர் வைத்தது வின்செஸ்டர், அதன் மேட்டளவு.300 தான். பெயரை வைத்துத் தோட்டாவை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இரட்டை எண்களிலும் ஒரே விதி கிடையாது. .25-20-இல் இரண்டாவது எண் கருமருந்தின் அளவைக் குறிக்கும்: 20 கிரெய்ன். 1895-இல் வந்த .30-30-இல் அதுவே புகையில்லா மருந்தின் அளவு: 30 கிரெய்ன். .30-06-க்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. அங்கே 06 என்பது அமெரிக்கப் படை அந்தத் தோட்டாவை ஏற்றுக்கொண்ட 1906-ஆம் ஆண்டு. நம் நாட்டில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் '315 போர்' ரைஃபிள் எட்டு மில்லிமீட்டர் வகை. படையினரின் தோட்டா அளவுகளைப் பொதுமக்களுக்கு மறுக்கும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலேயே தொடங்கிவிட்டதால்தான் அது இங்கே இவ்வளவு பரவியது.

கேள்வி: ரைஃபிள் இல்லாமல் சாதனை மான் எதுவும் கிடைத்ததில்லையா? (வாசகி, வில்லியனூர்)

பதில்: கொம்பு தாறுமாறாகக் கிளைத்த மான்களுக்கான பிரிவைப் பாருங்கள். முதலிடத்தில் இருப்பது 333 7/8 புள்ளிகள் கொண்ட மிசௌரி மான். 1981-இல் செயின்ட் லூயி கவுண்டியில் அது செத்துக் கிடந்தது, அதன்மேல் எவரும் சுட்டிருக்கவில்லை. இரண்டாவது இடத்தில் உள்ள ஒஹையோ மானும் 1940-இல் இறந்த நிலையில்தான் கண்டெடுக்கப்பட்டது. வேட்டையில் விழுந்தவற்றில் பெரியது 2018-இல் இல்லினாயில் அம்புக்குப் பலியான 320 5/8 புள்ளி மான். அதற்கடுத்து 2016-இல் டென்னசியில் வீழ்ந்தது 312 புள்ளி மான்; அதைச் சுட்டது குழாயின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு நிரப்பும் வகைத் துப்பாக்கி. நம் ஊர்ப் பக்கம் நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியின் அடிப்படையும் அதுவேதான்.

கேள்வி: கொம்பை எப்படி அளக்கிறார்கள்? நல்ல தீனி போட்டு வளர்த்தால் எந்த மானுக்கும் அந்த அளவு கொம்பு வருமா? (விவசாயி, பாகூர்)

பதில்: வெட்டிய உடனே அளக்க மாட்டார்கள். ஈரம் வற்றினால் கொம்பு சற்றுச் சுருங்கும் என்பதால் சாதாரண அறை வெப்பத்தில் 60 நாள் உலரவிட்டு, கால் அங்குல அகலமுள்ள எஃகு நாடாவால் எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை கணக்கெடுக்கிறார்கள். இருபுறத்து முதன்மைத் தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், ஒவ்வொரு தண்டிலும் நான்கு இடங்களில் சுற்றளவு, இரு தண்டுகளுக்கும் இடைப்பட்ட உள் அகலம் ஆகிய அனைத்தையும் கூட்டுகிறார்கள். பிறகு வலப்பக்கமும் இடப்பக்கமும் எந்த அளவுக்கு வேறுபடுகின்றனவோ அதைக் கழித்துவிடுகிறார்கள். ஹேன்சன் மானின் இரு தண்டுகளும் தலா 28 4/8 அங்குலம். உள் அகலம் 27 2/8 அங்குலம். மொத்தம் 14 முனைகள். தண்டுகளில் இம்மியளவும் வேறுபாடு இல்லாததால் அங்கே எதையும் கழிக்க வேண்டியிருக்கவில்லை. ஒருபக்கம் கூடுதலாக ஒரு நல்ல கிளை வளர்ந்துவிட்ட மான் அதற்காகவே புள்ளி இழப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் 1950-இல் இந்த முறையை வகுத்தவர்கள் சீர்மையைத்தான் அழகென்று கொண்டார்கள்.

தீனி வேண்டும், பரம்பரை வேண்டும். இவை இரண்டையும்விட வயது வேண்டும். வெண்வால் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துவிட்டு, இளவேனிலில் மெல்லிய ரோமத் தோல் போர்த்த புதுக் கொம்பை முளைக்கவிட்டு, நான்கைந்து மாதத்தில் முழுமையாக்கி, செப்டம்பர் வாக்கில் அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரித்துக்கொள்ளும். ஒவ்வோர் ஆண்டும் வளரும் கொம்பு முந்தியதைவிடப் பெரிதாகி, ஐந்து முதல் ஏழு வயதுக்குள் உச்சத்தை எட்டும். வேட்டைக்கு அனுமதியுள்ள பகுதிகளில் ஆண் மான்களில் பெரும்பாலானவை அந்த வயதை எட்டுவதற்கு முன்பே சுடப்பட்டுவிடுகின்றன. கோதுமை வயல்களும் இடையிடையே மரக்கூட்டங்களும் கொண்ட சஸ்கட்சுவான் போன்ற, மக்கள் நெருக்கம் குறைந்த இடங்களில் சில மான்கள் தப்பிப் பிழைத்து மூப்படைகின்றன. சாதனை வருவது அங்கிருந்துதான். உயர்ந்த வேலிக்குள் அடைத்துத் தீனி போட்டு வளர்த்த மானைச் சுட்டால் அதன் கொம்பைக் கிளப் ஏற்பதில்லை. எனவே பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைந்த தீவனமே ஆனாலும் பதிவேட்டில் இடம் கிடைக்காது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்து மான் கொம்பு ஒன்று மரப்பலகையில் மாட்டியிருக்கிறது. இதை அளந்து எங்காவது பதிய முடியுமா? (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: முதலில் அது எந்த விலங்கின் கொம்பு என்று பாருங்கள். கிளை இல்லாமல், திருகாணியின் மரை போல முறுக்கி, கொம்பு முழுவதும் வளையம் வளையமாக வரிகள் இருந்தால் அது வெளிமானின் கொம்பு. அது உதிராத வகை, எலும்பின் மேல் உறை போலப் படர்ந்து வாழ்நாள் முழுவதும் வளர்வது. சொரசொரப்பான அடிக்கண்ணிலிருந்து, அதாவது கொம்பின் அடிவளையத்திலிருந்து, கிளம்பி, நெற்றிக்கு மேல் ஒரு கிளையும் உச்சியில் இரு கிளைகளுமாகப் பக்கத்துக்கு மூன்று முனைகள் இருந்தால் அநேகமாகப் புள்ளிமான். கொம்பு மண்டையோட்டுத் துண்டுடன் இருந்தால் வேட்டையில் கிடைத்தது. அடிக்கண் தனியாக முடிந்திருந்தால் காட்டில் உதிர்ந்து எடுக்கப்பட்டது.

பூன் அண்டு கிராக்கெட் வட அமெரிக்க விலங்குகளை மட்டுமே பதிகிறது. இந்திய விலங்குகளின் கொம்பளவுகளை லண்டன் ரோலண்ட் வார்டு நிறுவனத்தார் 1892 முதல் தொகுத்து வெளியிட்டார்கள். அந்நாளைய கலெக்டர்களும் ஜமீன்தார்களும் அதில் பெயர் வரப் போட்டியிட்டது உண்டு. இன்று உங்களுக்கு அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய கொம்பை வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வேண்டும். வாரிசாக வந்த பொருளையும் 90 நாளுக்குள் வனத்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். விற்கவோ வாங்கவோ கூடாது. தாத்தாவின் காகிதங்களில் சான்றிதழ் இருக்கிறதா என்று தேடுங்கள். 1972-க்குப் பிறகு விடுபட்டவர்களுக்காக 2003-இல் 180 நாள் அவகாசம் தந்தார்கள். அப்போது வீட்டில் எவராவது அறிவித்திருக்கவும் கூடும். எதுவும் கிடைக்காவிட்டால், 2022 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 42ஏ பிரிவின்படி தாமாக முன்வந்து அதை வனத்துறையிடம் ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது, பொருள் அரசின் சொத்தாகிவிடும். புதுச்சேரி வனம் மற்றும் வன உயிரினத் துறை அலுவலகத்துக்குப் போகுமுன் கொம்பைப் பலகையிலிருந்து கழற்ற வேண்டாம். பலகையின் பின்புறத்தில் பாடம் செய்தவரின் முத்திரையோ ஆண்டோ இருந்தால், தாத்தா அதை எப்போது வாங்கினார் என்பதற்கு அதுவே சான்றாகும்.