மல்லிகைக்கு மருந்து இருக்கட்டும், முதலில் மாடிக் குழாயைத் திருப்புங்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். மதுரை ஊமச்சிகுளம் பக்கம் வீடு கட்டி மூன்று வருஷம் ஆகிறது. முன்பு வயலாக இருந்த இடம். கட்டட இடிபாடும் கிராவலும் கொட்டி மேடாக்கித்தான் பிளாட் போட்டார்கள். பின்பக்கம் மூன்று சென்ட்டில் ஒரு டிராக்டர் செம்மண் அடித்துத் தோட்டம் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு மதுரை மல்லிச் செடி, கத்தரி, கொடி அவரை, ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் பெய்த மழைக்குப் பிறகு மல்லிகையில் கொழுந்து இலையெல்லாம் வெளிறி மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. செடிக்கு ஒரு கைப்பிடி டி.ஏ.பி. வைத்தேன். கேட்கவில்லை. மருந்துக் கடையில் இலையைக் காட்டினேன். பூஞ்சாணத்துக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, டானிக் ஒன்று என்று மூன்று பாட்டில் கொடுத்தார், 1,640 ரூபாய். இரண்டு முறை அடித்தும் மாறவில்லை. மாடித் தண்ணீர் வீணாகக் கூடாது என்று அந்தக் குழாயையும் மல்லிகைப் பாத்தியில்தான் விட்டிருக்கிறேன், அதனால் தண்ணீர்க் குறையும் இல்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்? இப்போதே கவாத்து பண்ணலாமா? அடைமழைக்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தில் முடிக்க வேண்டிய வேலைகள் என்னென்ன? முருங்கையில் கம்பளிப் பூச்சியும் வந்துவிட்டது.

பதில்:

அம்மா, வணக்கம். கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாடிக் குழாயை மல்லிகைப் பாத்தியில் விட்டிருப்பதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் இறங்கும். அவ்வளவு தண்ணீரும் பன்னிரண்டு செடியின் தூரில் போய் விழுகிறது. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தக் குழாயை மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒரு குழி இருக்க வேண்டும். தூர்ந்து கிடந்தால் ஆளை வைத்து அள்ளுங்கள்.

மஞ்சளுக்குக் காரணம் சொல்கிறேன். கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. தழைச்சத்து (நைட்ரஜன்) குறையாக இருந்தால் அடி இலைதான் முதலில் பழுக்கும், முழு இலையும் ஒரே சீராக மஞ்சளாகும். உங்கள் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. செம்மண்ணுக்கு நிறமே இரும்பால் வந்ததுதான். ஆனால் இடிபாட்டில் சிமெண்டும் சுண்ணாம்பும் கிடக்கின்றன. சுண்ணாம்பு கலந்த மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுவிட முடியாது, பக்கத்தில் இருக்கிற இரும்பையும் எடுக்க முடியாது. அதற்கு மேல் நீங்கள் டி.ஏ.பி. வைத்தீர்கள், அது மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த உரம். மணிச்சத்து கூடினால் இரும்பு கிடைப்பது இன்னும் குறையும். இந்தப் பருவம் முடிகிறவரை அந்த மூட்டையைத் தொடாதீர்கள்.

உடனடி மருந்து அன்னபேதி உப்பு, அதாவது இரும்புச் சத்துள்ள ஃபெரஸ் சல்பேட். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுக் கலக்கி, மழை இல்லாத ஒரு சாயங்காலம் கொழுந்தின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். கலக்கிய அன்றே தீர்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் துருப்பிடித்த நிறத்துக்கு மாறிப் பலனில்லாமல் போகும். புதுக் கொழுந்து பச்சையாக வரும்வரை மாதம் ஒரு முறை போதும். பழைய மஞ்சள் இலை முழுக்கத் தேறாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் கேட்ட மருந்து அவ்வளவுதான். ஆனால் தண்ணீரை வடிக்காமல் இதை மட்டும் தெளித்தால் அடுத்த மழைக்கு மறுபடி மஞ்சளாகும். ஆகவே ‘என்ன அடிக்கலாம்’ என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, ‘என் தோட்டத்தில் பெய்கிற தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது’ என்று பாருங்கள். வருகிற கடிதங்களில் உரத்தைக் கேட்கிறார்கள், பூச்சியைக் கேட்கிறார்கள், வடிகாலை யாரும் கேட்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மதுரைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் செடி சாவது பெரும்பாலும் இதனால்தான்.

சித்திரையில் போடுகிற பாத்தி வேறு, ஐப்பசியில் போடுகிற பாத்தி வேறு. கோடையில் செடியைப் பள்ளத்தில் வைத்துச் சுற்றி வரப்புக் கட்டுகிறோம், ஊற்றுகிற குடம் தண்ணீர் ஓடிவிடக் கூடாது என்று. சரிதான். அதே வட்டப்பாத்தியை ஐப்பசியிலும் அப்படியே விட்டால் ஒவ்வொரு செடியும் ஒரு தொட்டிக்குள் நிற்கும். இப்போது அது தலைகீழாக மாற வேண்டும். தூர் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளம் வெளியே இருக்க வேண்டும். நம் ஊர்க் கண்மாய் எதுவும் கலுங்கு இல்லாமல் வெட்டப்படவில்லை. தண்ணீரைத் தேக்கத் தெரிந்தவர்கள் மிச்சத்தை வெளியேற்றவும் வழி வைத்தார்கள். மூன்று சென்ட் தோட்டத்துக்கும் அப்படி ஒரு கலுங்கு வேண்டும்.

உங்கள் இடத்தில் இது இன்னும் முக்கியம். பழைய நஞ்சையில் வருஷக்கணக்காகத் தொளியடித்து, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுது, நட்டிருப்பார்கள். உழவு ஆழத்துக்குக் கீழே களிமண் தட்டுப் பிடித்து இறுகிப் போயிருக்கும். அதன்மேல் கிராவலைக் கொட்டி இயந்திரத்தை ஓட்டி அழுத்தியிருக்கிறார்கள். மேலே இருக்கிற செம்மண்ணில் தண்ணீர் சரசரவென்று இறங்கும், உங்கள் கண்ணுக்கு வடிந்த மாதிரித் தெரியும். கீழே போய் நின்றுகொண்டிருக்கும்.

மழை விட்ட ஒரு நாளில் இரண்டு மல்லிகைக்கு நடுவே கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி போடுங்கள். அடி மண்ணைக் கையில் எடுத்து மோந்து பாருங்கள். நல்ல மண்ணில் மழை பெய்த வாசம் இருக்கும், காற்றில்லாத மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது இறங்கியதும் இன்னொரு வாளி. மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் வேறு சோதனை தேவையில்லை. அப்படியே ஓரத்தில் தெரிகிற வேர் ஒன்றை விரலுக்கிடையில் வைத்து இழுத்துப் பாருங்கள். வெளுப்பாக, இழுத்தால் உறுதியாக இருந்தால் செடி தப்பிக்கும். பழுப்பாகி, மேல்தோல் உறை மாதிரி வழுக்கிக் கையோடு வந்து, உள்ளே நூல் மட்டும் நின்றால் வேரழுகல் தொடங்கிவிட்டது. அந்தச் செடிக்கு மட்டும், தண்ணீர் வடிந்த பிறகு, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாண மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றுங்கள். பன்னிரண்டு செடிக்கும் ஊற்ற வேண்டாம்.

வடிகால் வெட்டுவது அரை நாள் வேலை. வட்டப்பாத்தியின் வரப்பையெல்லாம் உடைத்துவிடுங்கள். இரண்டு வரிசைக்கு நடுவே மண்வெட்டி அகலத்துக்கு, முக்கால் அடி ஆழத்தில், தோட்டத்தின் தாழ்ந்த மூலையைப் பார்த்து வாய்க்கால் எடுங்கள். எடுத்த மண்ணை இரண்டு பக்கமும் சரித்துப் போடலாம், ஆனால் மல்லிகைத் தண்டோடு அணைத்து ஏற்றாதீர்கள். மூலையில் வாய்க்கால் முடிந்து சுவரில் முட்டி நின்றால் பயனில்லை. சுவரின் அடியில் ஒரு குழாய் வைத்துத் தெருக் கால்வாய்க்கோ உறிஞ்சிக் குழிக்கோ போக வேண்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். காய்ந்த பிறகு பார்த்தால் தெரியாது.

ஈர மண்ணை மட்டும் கொத்தாதீர்கள். ஒரு பிடி எடுத்துப் பிசைந்தால் உருண்டை பிடித்து விரலில் ஒட்டுகிறதா, அன்று மண்வெட்டியும் வேண்டாம், பாத்திக்குள் காலும் வேண்டாம். ஈரத்தில் மிதித்த மண் தையில் செங்கல் மாதிரி இறுகும். பூப்பறிக்கப் போக வேண்டுமானால் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நடங்கள்.

கடைக்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மண் என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்காமல், ஓர் இலையைப் பார்த்து மூன்று பாட்டிலை எடுத்து வைப்பது வைத்தியம் இல்லை, வியாபாரம். பூஞ்சாணம், பூச்சி, டானிக் என்று எது இருந்தாலும் ஒன்று பிடிக்கும் என்ற கணக்கு அது. உங்களுக்கு இருந்ததோ மூன்றிலும் இல்லை. இனி எந்தப் பாட்டிலை நீட்டினாலும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை லேபிளில் காட்டச் சொல்லுங்கள், எந்த நோய்க்கு என்று கேளுங்கள், பில் வாங்குங்கள். பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் குழந்தை நடமாடுகிற வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். என்ன சத்து, எவ்வளவு என்று போடாமல் ‘அபார வளர்ச்சி’ என்று மட்டும் அச்சடித்த டானிக்கைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கொடி அவரைக்கும் இதையே சொல்கிறேன். ஆடியில் போட்ட அவரை இப்போது இலையும் கொடியுமாகத்தான் நிற்கும். பகல் குறைந்து பனி இறங்கும்போதுதான் அது பூப்பெடுக்கும். பூக்கவில்லை என்று யாராவது டானிக் விற்க வந்தால் வாங்காதீர்கள், கார்த்திகை, மார்கழியில் தானாகப் பூக்கும். பந்தல் காலை மட்டும் ஆட்டிப் பார்த்து முட்டுக் கொடுங்கள். நனைந்த கொடியின் பாரத்தில்தான் பந்தல் சாயும்.

கவாத்து இப்போது வேண்டாம். மல்லிகைக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை இரண்டாம் வாரத்தில். தரையிலிருந்து ஒன்றரை அடி, 45 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். அன்று மழை இருந்தால் இரண்டு நாள் வெயில் அடிக்கும்வரை பொறுங்கள். அதற்குள் கொழுந்து பச்சை திரும்பாத செடியை வெட்டாமல் விடுங்கள். வேர் நோயில் இருக்கிற செடிக்குத் தலையையும் வெட்டினால் தாங்காது. வெட்டிய செடிக்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ வையுங்கள். மக்கியது என்றால் கையில் அள்ளினால் உதிர வேண்டும், சாணி வாடை வரக் கூடாது. பச்சைச் சாணியை அடைமழையில் வைத்தால் வேர் வெந்துபோகும், காண்டாமிருக வண்டுப் புழுவும் கூடவே வரும்.

கத்தரி, மிளகாய் நாற்றைத் தரையில் விடாதீர்கள், மழையில் நாற்றழுகல் வரும். தாழ்வாரத்தில் குழித்தட்டில் விதைத்து, பலத்த மழை ஓய்ந்ததும் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். கீரையை அடைமழை அடித்துப் படுக்கவைத்துவிடும், வெள்ளைத் துருவும் பிடிக்கும். பசலைக் கொடி தாங்கும். மரக்கன்று நட இதைவிட நல்ல பருவம் கிடையாது, ஆனால் முருங்கைப் போத்தை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளையை, தண்ணீர் நிற்கிற இடத்தில் ஊன்றினால் அழுகிவிடும். எலுமிச்சையை மழைக்காலத்தில் வெட்ட வேண்டாம், சொறி நோய் வெட்டுக் காயம் வழியாகப் பரவும். விழுகிற இலை தழையைக் கொளுத்தாமல் ஒரு மேட்டில் குவித்து மூடி வையுங்கள், தை பிறந்ததும் செடியைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்குக்கு ஆகும். இப்போது தூரில் பரப்பினால் நத்தைதான் சேரும். ஆப்பிரிக்க நத்தை வந்துவிட்டால் நனைந்த சாக்கை இரவில் விரித்து, அடியில் பப்பாளி இலை போடுங்கள். விடியும்போது திரண்டிருக்கும், கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். காலித் தொட்டி, டப்பாக்களைக் கவிழ்த்து வையுங்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டை வைக்கும்.

முருங்கைக் கம்பளிப் பூச்சி இரவில் ஏறி இலையைத் தின்னும், பகலில் அடிமரத்தில் கூட்டமாக, பட்டையோடு பட்டையாக அப்பிக் கிடக்கும். காலையில் நீளக் கம்பின் நுனியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, கூட்டத்தின்மேல் மட்டும் தடவி எடுங்கள். பட்டை கருகும்வரை பிடிக்க வேண்டாம். முடி மேலே பட்டால் அரிக்கும், அதனால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காற்று உங்கள் பக்கம் வீசாத நேரமாகப் பாருங்கள்.

தையில் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவத்தில் வெட்டி, ஓரத்தைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ போதும். உரம் வைத்த இடத்தில் எடுக்காதீர்கள். கார அமில நிலை எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் மல்லிகைக்கு என்ன வைப்பது என்று சொல்ல முடியும். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். வீட்டில் மீதி இருக்கிற பூச்சிமருந்தை வீணாகிறதே என்று முருங்கையிலோ அவரையிலோ அடித்துத் தீர்க்காதீர்கள். நீங்கள் பறித்துச் சமைக்கிற இலையும் காயும் அவைதான்.